ஆத்தா வந்தது காய்ச்சலில் சேராது

1. வேன் காத்திருக்கிறது

வாரத்தில் ஒரு நாள் அருப்புக்கோட்டை, ஒரு நாள் திருச்சுழி, ஒரு நாள் நரிக்குடி என்று அரசு ஆஸ்பத்திரிகளைச் சுற்றி வந்து மனநல ஓ.பி. பார்ப்பது என் வேலையாக இருந்தது. ஒரு ஜீப், ஒரு பெட்டி மாத்திரை, சிஸ்டர் ராஜேஸ்வரி, நான். இவ்வளவுதான் எங்கள் பட்டாளம். ஓய்வு பெற்றுச் சிறிது காலம்தான் ஆகிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "மேடம், மறக்க முடியாத கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். சங்கிலி, அலறல் என்று ஏதாவது எதிர்பார்ப்பார்கள் போல. என்னிடம் இருப்பது ஒரு மளிகைக் கடையும் ஒரு மைக் செட்டும்தான்.

அன்று திருச்சுழி ஓ.பி. முதல் ஆளாக கணேசன் என்கிற மளிகைக் கடைக்காரர் வந்தார். அவருடைய அம்மா பேச்சியம்மாள், மருமகள் செல்வியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். வாசலில் ஒரு வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது.

"டாக்டரம்மா, வைத்தியத்துக்கு வரல. இவள ஒரு கோயில்ல கொண்டுபோய்த் தங்க வைக்கப் போறோம். தூரம் ஜாஸ்தி. ஓடுற வண்டியில இருந்து இறங்கப் பாக்குறா. அமைதியா வர்றதுக்கு ஒரு தூக்க மாத்திரை மட்டும் குடுங்க" என்றார் கணேசன்.

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. டாக்டரிடம் வந்து வைத்தியம் வேண்டாம் என்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். இருந்தாலும் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தபோது அவர் தூங்கிப் பல நாளாகியிருக்கும் என்று தெரிந்தது.

"அவுகளுக்கு என்ன செய்யிது?"

"நல்லாத்தான் இருந்தா. கடையே அவ கையிலதான். நாலஞ்சு நாளாத் தூக்கமில்ல. சீனி கேட்டா உப்பக் கட்டிக் குடுக்குறா. சுவத்தப் பாத்துப் பேசுறா. நேத்து சரக்கு வாங்க வந்தவுகள, எம்புள்ளைக்கு விசம் வைக்கவா வந்தீகன்னு விரட்டிட்டா. யாரோ செய்வினை வச்சுட்டாகன்னு ஊரே பேசுது."

அவர் குரல் உடைந்தது. செல்வி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. முந்தானையில் ஒட்டாத எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு மாசத்துல காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா? உடம்புக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல" என்றார்கள் அம்மாவும் மகனும் ஒரே குரலில். நானும் ஓ.பி. சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

2. ஊசி வேண்டாம்

"ஒரு ஊசி போட்டா சீக்கிரம் தூங்கிருவாக" என்றேன்.

"ஊசி வேண்டாம் டாக்டரம்மா. மாத்திரையாவே குடுங்க" என்று பேச்சியம்மாள் அவசரமாகக் குறுக்கிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஊசி போடாத டாக்டரை யாரும் டாக்டராகவே மதிப்பதில்லை. தலைவலிக்கு மாத்திரை எழுதினால், "ஒரு ஊசியும் சேத்துப் போட்டு விடுங்களேன்" என்று கையை நீட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ஊசி வேண்டாம் என்றது எனக்கு உறுத்தியது. பேனாவை வைத்துவிட்டு செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செல்வி, இது எந்த ஊரு?"

வெகுநேரம் யோசித்தார். "எங்கம்மா வீடு."

"இப்ப காலையா, சாயங்காலமா?"

"விளக்கு வைக்கணும்" என்றார். வெளியே காலை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எழுந்து நடக்கச் சொன்னேன். காலை அகட்டி வைத்து, தடுமாறி, சுவரைத் தேடினார். சிஸ்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "லேசாச் சுடுது மேடம்" என்றார். "வெயில்ல வந்தோம்ல, அதான்" என்றார் கணேசன்.

இளம் டாக்டர்களுக்காக இங்கே கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன். சுவரோடு பேசுவதும் எல்லோரையும் சந்தேகப்படுவதும் மனநோயில் உண்டு. ஆனால் மனநோய் வந்தவர்கள் தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம், பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்பதைப் பெரும்பாலும் மறப்பதில்லை. அந்த நினைவு தப்பி, நடையும் தள்ளாடி, உடம்பும் சுட்டால் மூளையிலேயே ஏதோ நடக்கிறது என்று பயப்பட வேண்டும்.

செல்வியின் கழுத்து விறைத்திருக்கிறதா என்று மெல்ல முன்னால் வளைத்துப் பார்த்தேன். செல்வி முகம் சுளித்தார். அப்போதுதான் நெற்றி ஓரம் என் கண்ணில் பட்டது. மஞ்சள் அப்பியிருந்த இடத்தில், பொருக்கு உதிர்ந்த சின்னச் சின்ன வடுக்கள். முடிக்குள்ளும் இருந்தன.

நான் பிறந்தது மல்லாங்கிணற்றில். அம்மை போட்ட வீட்டில் ஊசி, மருந்து ஆகாது, தாளிக்கக்கூட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா?

"ஏம்மா, வீட்டுக்கு ஆத்தா வந்திருந்தாகளா?"

பேச்சியம்மாள் சட்டென்று கை கூப்பினார். "வந்து இறங்கிட்டாக டாக்டரம்மா. ரெண்டு மூணு வாரம் ஆச்சு."

"காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டேன்ல?"

"காய்ச்சலத்தான கேட்டீக? ஆத்தா வந்தத எப்படிக் காய்ச்சல்ல சேக்குறது? ஆஸ்பத்திரியில வந்து அவுகள நோயின்னு சொன்னா குடும்பம் வெளங்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் வந்தது நோயல்ல, வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி. வேப்பிலை கட்டி, கூழ் வைத்து, மரியாதை செய்து வழியனுப்பியிருக்கிறார்கள்.

3. மைக் செட்

வேன்காரர் ஹாரன் அடித்தார். எனக்கு இருந்ததே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அம்மைக் கிருமி சில சமயம் மூளைக்குள்ளேயே போய்விடும். சில சமயம், கிருமியை விரட்டக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகும் ஓயாமல் மூளையையே தாக்கும். இரண்டிலும் மூளை வீங்கும், புத்தி மாறாட்டம் வரும். இதைப் பேச்சியம்மாளுக்கு எப்படிச் சொல்வது?

"வீட்டுக்கு ஆள் வந்தா நாய் குலைக்கும்ல? அவுக போனதுக்கப்புறமும் வெறி அடங்காம அது வீட்டு ஆளையே கடிச்சா எப்படி இருக்கும்? அது மாதிரி…"

"ஆத்தாவப் பாத்து நாய் குலைக்குமா டாக்டரம்மா? என்ன பேச்சு இது?"

சிஸ்டர் ராஜேஸ்வரி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அசடு வழிந்து நின்றேன். பேச்சியம்மாளே கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"திருவிழா முடிஞ்சு ஆத்தா மலையேறுன பெறகும் மைக் செட்ட அமத்தாம, பாட்டு கத்திக்கிட்டே கெடக்குமே, ஒரு பய தூங்க முடியாம. அப்படிச் சொல்றீகளா?"

அப்படித்தான். இத்தனை வருஷம் படித்தும் எனக்குத் தோன்றாத உதாரணம்.

"அதேதான். ஆத்தா எறங்கி மூணாம் தண்ணி தலைக்கு ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு."

"அப்ப ஆத்தா கெளம்பிட்டாக. இனிமே ஊசி போட்டா அது ஆத்தாவுக்குப் போடுற ஊசி இல்ல. இந்த மைக் செட்ட அமத்துற ஊசி. இப்ப தூக்க மாத்திரை குடுத்து அனுப்புனேன்னா, செல்வி தூங்குறாகளா, மயக்கத்துல போறாகளான்னு வேன்ல யாருக்கும் தெரியாது. உசுருக்கே ஆபத்து கணேசன்."

கணேசன் அம்மாவைப் பார்த்தார். "கோயிலுக்கு நேந்துக்கிட்டமே அம்மா…"

பேச்சியம்மாள் மருமகளின் கன்னத்தைத் தடவினார். பிறகு, "நேத்திக்கடன் எங்கயும் போயிராதுடா. நல்லாகி அவளே நடந்து வந்து செலுத்தட்டும். வண்டியப் பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொல்லு" என்றார்.

கோயிலுக்கென்று பிடித்த அதே வேனில், சிஸ்டர் ராஜேஸ்வரியைத் துணைக்கு ஏற்றி அனுப்பினேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு போனில் விவரம் சொன்னேன். மீதி ஓ.பி.யை நான் எப்படிப் பார்த்து முடித்தேன் என்று கேட்காதீர்கள்.

4. பிறகு

வார்டில் சேர்த்த அன்றே செல்விக்கு வலிப்பு வந்தது. அது கோயிலுக்குப் போகிற வழியில் வேனில் வந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஸ்கேனிலும் முதுகுத் தண்டு நீரிலும் மூளை வீக்கம் உறுதியானது. கிருமிக்கு ஒரு மருந்து, எதிர்ப்புச் சக்தியின் ஆட்டத்தை அடக்க ஸ்டீராய்டு என்று ஏற்றினார்கள். ஊரும் பொழுதும் மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தன. நடை சரியாகத்தான் நாளானது.

ரிவியூவுக்கு வந்தபோது செல்வி என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த நாட்கள் அவருக்கு நினைவிலேயே இல்லை. "நான் யாரையும் அடிச்சுப்புட்டேனா டாக்டரம்மா?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

"அடிக்கல. சீனிக்கு உப்புக் குடுத்தீகளாம்" என்றேன். அவர் சிரித்தார். கணேசன் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லா மனநோயும் இப்படிக் கிருமியால் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நம் மாத்திரையும் பேச்சும்தான் வழி. ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று மாறினால், பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். காய்ச்சல் வந்ததா என்று கேட்டதோடு நிறுத்தாமல், வீட்டுக்கு ஆத்தா வந்தாகளா என்றும் கேளுங்கள். கேட்கும்போது கொஞ்சம் மரியாதையாகக் கேளுங்கள். நான் கற்றுக்கொண்டது இதுதான்.

அடுத்த பங்குனிப் பொங்கலுக்குப் பேச்சியம்மாள் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். தூரத்துக் கோயில் நேர்த்திக்கடனைச் செல்வி முன்பே செலுத்திவிட்டார். இங்கே தெருக் கோயிலுக்கும் மாவிளக்கு எடுத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடை வாசல் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாய் மட்டும் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் என்னைத் தீர்க்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மைக் செட்டுக்காரரிடம் போனார்.

"ஏப்பா, ஆத்தா மலையேறியாச்சு. இன்னும் எதுக்குக் கத்த விட்டிருக்க? அமத்து."

பாட்டு நின்றது. தெரு அமைதியானது. கடைக்குள்ளிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"சீனி எத்தன கிலோண்ணே?"