காவலாளி காட்டிய படம்

ஓசூர் கம்பெனியில் பயிற்சியில் இருந்தபோது, என் செல்போனைத் திருடி ஓடியவனின் முதுகை மட்டுமே பார்த்தேன். காவலாளி ஓர் ஒடிசா தொழிலாளியின் அடையாள அட்டையை நீட்டி, "இவன்தானே தம்பி?" என்றார். தலையாட்டினேன். அன்றே அந்தத் தொழிலாளியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இங்கிலாந்தில் குற்றவியல் நீதி படிக்கிறேன். சாட்சியிடம் ஒரே படத்தைக் காட்டிக் கேட்டால் அப்பாவியும் மாட்டிக்கொள்வான் என்று பேராசிரியர் சொன்னபோது எனக்கு அந்த அடையாள அட்டை நினைவுக்கு வந்தது.

அந்தத் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஓசூர் கம்பெனி நண்பனைப் போனில் அழைத்தேன்.

"நான் எடுக்கலன்னு அந்தாளு அழுதப்ப நீ கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்த. அவங்கள வேலைக்குக் கூட்டிட்டு வந்த காண்ட்ராக்டரே மாறிட்டான், இப்ப தேடறியா? பேராச்சும் தெரியுமாடா?"

எதையும் விடாமல் குறித்துவைப்பவன் நான் என்ற நம்பிக்கையில் பழைய டைரியைப் புரட்டினேன். தேதி, ஷிப்ட், போனின் மாடல் எல்லாம் இருந்தன. அவர் பெயரை நான் எழுதவே இல்லை.