சல்லடை அக்கா எழுதிய நல்ல வரி

எங்கள் பதிப்பகத்தில் புத்தகங்களைச் செம்மை செய்கிற அக்காவுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது நான் இல்லை. நான் வேலைக்கு வந்தபோதே அந்தப் பெயர் இருந்தது. யாரோ ஒரு எழுத்தாளர் வயிற்றெரிச்சலில் வைத்திருக்க வேண்டும். அவள் காதுக்கும் அது போயிருந்தது. "சும்மா சலிக்கிறேனா, கல்லு இருக்கப் போய்த்தானே சலிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

நான் பக்கம் கட்டுகிறவள். எழுத்தாளர் எழுதியதை அவள் திருத்துவாள், திருத்தியதை நான் கணினியில் பக்கம் பக்கமாக அடுக்குவேன். எங்கள் மேசைகளுக்கு நடுவில் ஒரு ஃபைல் அலமாரிதான் தடுப்பு. அவள் எழுத்தாளர்களைப் படுத்துகிற பாடு அத்தனையும் என் காதில் விழும். நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தேநீர் குடிக்கப் போய்விடுவாள். அதற்குப் பின்னால் இருக்கிற பக்கமெல்லாம் நகரும், படமெல்லாம் இடம் மாறும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பிழை திருத்துகிறவளாகத்தான் உள்ளே வந்தாள். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வந்தவள். எழுத்துப் பிழையை மட்டும் பார் என்றால் அவளால் முடியவில்லை. "இவர் வெளியூர் போனாரே, எப்போது திரும்பினார்?" என்று ஓரத்தில் கேள்வி எழுதினாள். முதலாளி முதலில் கத்தினார். பிறகு எழுத்தாளர்களே அந்தக் கேள்விகள் வேண்டும் என்று வந்து நின்றதும், தனி மேசை போட்டுக் கொடுத்தார். அவள் வீட்டுக்காரர் மட்டும், "ஆபீஸ்ல சலிக்கிறதோட நிறுத்திக்க தாயே, நான் புத்தகம் இல்ல" என்று கும்பிடு போட்டுவிட்டாராம்.

எழுத்தாளருக்காக ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஆனால் ஒருவர் எழுத முடியாமல் முழித்தால், ஓரத்தில் ஓர் உதாரணம் எழுதிக் காட்டுவாள். சூட்சுமமே அதில்தான் இருந்தது. உதாரணத்தை வேண்டுமென்றே மட்டமாக எழுதுவாள். "அவன் மிகவும் சோகமாக இருந்தான்" என்கிற மாதிரி. மானமுள்ள எழுத்தாளருக்கு அதைப் பார்த்ததும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அதை அடித்துப் போட்டுவிட்டு, ஒரே வாரத்தில் தானே நல்லதாக எழுதிக்கொண்டு வந்து நிற்பார். எத்தனையோ புத்தகம் இப்படித்தான் உருப்பட்டது.

மாஸ்டர் விஷயத்தில் அது சறுக்கியது. மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி டியூட்டியாகப் பார்த்துப் பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தவர். கல்லூரி முடிந்த கையோடு மாஸ்டர் அவரிடம் சண்டை போட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு, ஒரு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அவர் எழுதிக்கொண்டு வந்தது அந்த அக்காவைப் பற்றிய புத்தகம். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வேற ஒருத்தரும் படிக்கலைன்னா கூட பரவால்ல மேடம். எங்க அக்கா படிச்சுட்டு ஒரு போன் பண்ணா போதும்."

புத்தகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார், அடுத்த பத்தியில் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். "நீங்கள் கிளம்பியபோது அக்கா என்ன செய்தார்?" என்று சல்லடை எழுதினாள். பிரதி பதில் இல்லாமலேயே திரும்பி வந்தது. மறுபடி கேட்டாள். "ஞாபகம் இல்ல மேடம்" என்றார். சரி, வழக்கமான வைத்தியம்தான் என்று உதாரணம் எழுத உட்கார்ந்தாள். அவளுடைய பையன் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிப் போன வாரம் அது. பேனா அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"நான் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். கூப்பிடவில்லை. கதவையும் சாத்தவில்லை."

அடுத்த தடவை பிரதி வந்தபோது அந்த வரிகள் உள்ளே ஏறியிருந்தன. அதோடு நீலச் சேலை ஒன்றும், கையில் ஒரு துண்டும் சேர்ந்திருந்தன. "பாத்தியா, ஞாபகம் வந்துடுச்சு அவருக்கு" என்று சல்லடை என்னிடம் சந்தோஷப்பட்டாள். நானும் நம்பினேன்.

அட்டை தயாராகி வந்த அன்றுதான் வினை வந்தது. முதலாளி பின்னட்டையை எங்களுக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, புத்தகத்திலேயே தனக்குப் பிடித்த வரி என்று அதை உரக்கப் படித்தார். சேலை இல்லை, துண்டு இல்லை. அந்த மூன்று வாக்கியம் மட்டும், பெரிய எழுத்தில். சல்லடைக்கு முகம் செத்துப் போனது.

"இது மாஸ்டரோட வரி இல்ல சார். என்னோடது."

"இருந்துட்டுப் போகட்டும். நல்லாத்தானே இருக்கு?"

"அதான் சார் தப்பு. நான் நல்லா எழுதிருக்கக் கூடாது."

முதலாளி என்னைப் பார்த்தார், இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி. நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். சல்லடை நேராகத் தன் மேசைக்குப் போய் மாஸ்டரைப் போனில் வரச் சொன்னாள்.

மாஸ்டர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றக்கூடச் செய்யாமல் ஓடி வந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மாஸ்டர், அன்னிக்கு நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். நீலச் சேலை."

"மொத அத்தியாயத்துல, 'திரும்பிப் பார்க்காமல் போனேன்'னு எழுதிருக்கீங்க. அத நானும் கவனிக்காம விட்டுட்டேன். திரும்பியே பாக்காதவருக்கு சேலை எப்படித் தெரிஞ்சுது?"

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளேயே குரல் உடைந்தது.

"அவ நின்னிருப்பா மேடம். அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் இப்பல்லாம் எனக்குத் தூக்கமே வருது. அதையும் பிடுங்கிடாதீங்க."

எனக்கே பாவமாக இருந்தது. விட்டுத் தொலையேன் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் விடவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டாள்.

"உங்க அக்கா படிக்கணும்னுதானே எழுதினீங்க? அவங்க செய்யாததை செஞ்சதா படிச்சாங்கன்னா, மீதி இருக்கற உண்மையையும் பொய்யின்னுதான் நெனப்பாங்க. புத்தகத்த மூடி வச்சுடுவாங்க. போன் வராது மாஸ்டர். போய்க் கேட்போம்."

"அவ கதவத் தொறக்க மாட்டா."

"தொறக்கலைன்னா, 'ஞாபகம் இல்லை'ன்னு அச்சடிப்போம். அது உண்மை."

முதலாளி குறுக்கே வந்தார். அச்சகத்தில் இயந்திரம் காத்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் பக்கங்கள் போகாவிட்டால் நம் முறை தவறிவிடும் என்றார். கடைசிப் பிரதியில் சல்லடை கையெழுத்துப் போடாமல் எங்கள் புத்தகம் எதுவும் அச்சுக்குப் போகாது. தானே போட்டுக்கொள்வதாக முதலாளி மிரட்டினார்.

"தாராளமா போடுங்க சார். உள்பக்கத்துலேர்ந்து என் பேரை மட்டும் எடுத்துடுங்க. இந்தப் புத்தகத்துலேர்ந்து மட்டும் இல்ல, இனிமே வர்றதுலேர்ந்தும்."

அவர் அறைக்குள் போய்விட்டார். சல்லடை என் பக்கம் திரும்பினாள். "மடிக்கணினிய எடுத்துக்கிட்டு நீயும் வா. அங்கேயே திருத்தி அனுப்பிடலாம்." நான் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன். பஸ்ஸில் வழி முழுக்க மாஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா இப்போது குடியிருந்தது ஓர் இரண்டாம் மாடியில். கதவைத் திறந்தவர் நரைத்த தலையும் டியூட்டிச் செருப்புமாக நின்றார், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் போல. தம்பியை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை விட்டுவிட்டு உள்ளே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

சல்லடை தான் யாரென்று சொல்லி, அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினாள். நர்ஸ் நின்றபடியே படித்தார்.

"எங்கிட்ட ஏதுடா நீலச் சேலை?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"நான் வாசல்ல எல்லாம் நிக்கல. ராத்திரி டியூட்டி முடிச்சு அப்பதான் வந்திருந்தேன். நீ கத்திட்டுப் போன. நான் கதவச் சாத்திட்டுப் படுத்துட்டேன். தூங்கினேன்டா. மறுநாள் வரைக்கும் தூங்கினேன். எழுப்பணும், சமைக்கணும், ஃபீஸ் கட்டணும்னு ஒண்ணும் இல்ல. உன்ன வளக்க ஆரம்பிச்சதுலேர்ந்து நான் நிம்மதியா தூங்கினது அன்னிக்குத்தான்."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடி வாங்கின மாதிரிதான் இருந்தது முகம். எனக்குச் சல்லடை மேல் ஆத்திரமாக வந்தது. இதற்காகவா இந்த மனிதரை இழுத்துக்கொண்டு வந்தாய் என்று நினைத்தேன். அவளோ ஒரு வெள்ளைத் தாளை அவருக்கு முன்னால் வைத்தாள். இந்த முறை உதாரணம் எதுவும் எழுதவில்லை.

மாஸ்டர் வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். "நான் போன அன்று அக்கா தூங்கினாள். நான் அவளுக்குக் கொடுத்த தூக்கம் அது ஒன்றுதான்." சல்லடையிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எங்கிட்ட ஏன்? அவங்ககிட்ட காட்டுங்க."

நர்ஸ் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, தம்பி தலையில் கை வைத்தார். குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னார். அந்தப் பெரிய ஆள், மைதானமே அதிரக் கத்துகிற ஆள், வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே பேனாவைத் தேடி எடுத்து, அதையும் எழுதக் குனிந்தார்.

நர்ஸ் தாளின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"அது உனக்குச் சொன்னதுடா. புத்தகத்துக்கு இல்ல."

யார் என்ன சொன்னாலும் கேள்வி கேட்காமல் விடாத சல்லடை, பேனாவை மாஸ்டர் கையிலிருந்து வாங்கி மூடினாள். நான் அங்கேயே அந்த வரிகளை ஏற்றி, பின்னட்டையையும் மாற்றி அச்சகத்துக்கு அனுப்பினேன். நர்ஸ் காதில் என்ன சொன்னார் என்று சல்லடை இன்றுவரை கேட்கவில்லை. நான் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கேட்டேன். மாஸ்டர் சொல்லவில்லை.