வெயிலம்மாள் போட்ட முதல் லோடு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கோவில்பட்டியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற எவனிடமாவது மந்திரமூர்த்தி என்று சொல்லிப் பாருங்கள், "யாரு, அந்தச் சிடுமூஞ்சியா?" என்றுதான் கேட்பான். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் பக்கத்துக் கொட்டகையில் வெயிலம்மாள் அம்மோனியா சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு எப்பேர்ப்பட்ட பொறுமைசாலியும் கத்தித்தான் இருப்பான். குழாயைப் பூட்டும்போது கொஞ்சம் கசிந்துவிட்டது. கண் எரிந்து, மூக்கு எரிந்து, என் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் தெருவுக்கு ஓடிவந்தோம்.

"ஏம்மா, குடியிருக்க வந்தியா, எங்களக் கொல்ல வந்தியா?" என்று சத்தம் போட்டேன்.

முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வால்வைத் திருகியபடியே அவள் பதில் சொன்னாள். "இரும்புக்குத் தோல் போட வந்திருக்கேன் அண்ணாச்சி. அடைச்சாச்சு, தைரியமா உள்ள போங்க."

இரும்புக்குத் தோலாம்! எனக்கு வந்த எரிச்சலுக்கு அன்றைக்கு அவளோடு பேசவே இல்லை. மறுநாள் நானாகத்தான் போய்க் கேட்டேன். லேத்துக்காரனுக்கு இரும்பைப் பற்றி ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தூக்கம் வருமா?

வெயிலம்மாள் கடம்பூர்ப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை. பருத்தியும் உளுந்தும் மழையை நம்பிக் கிடக்கிற கரிசல் காடு. பாலிடெக்னிக் முடித்த கையோடு கோயம்புத்தூரில் இரும்பைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துகிற ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியில் சேர்ந்து, பத்து வருஷத்துக்குமேல் உலையோடு காலம் தள்ளியவள். அங்கேயே ஃபோர்மனாக இருந்த சுடலைக்குமாரைக் கட்டிக்கொண்டாள். நம்ம பக்கத்து நூல் மில்களில் தேய்கிற உருப்படியெல்லாம் லாரி ஏறிக் கோயம்புத்தூர் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து, இதை ஊரிலேயே செய்தால் என்ன என்கிற எண்ணம் அவளுக்குள் விழுந்துவிட்டது. தொண்ணூற்றேழில் புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள்.

தோல் சமாச்சாரத்தையும் அவளே சொன்னாள். சாதாரணமாக ஒரு ஷாஃப்டைக் கெட்டிப்படுத்த வேண்டுமென்றால் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் முக்குவோம். கெட்டியாகும், ஆனால் கோணிக்கொள்ளும். அப்புறம் அதை நிமிர்த்த நான் மாரடிக்க வேண்டும். அவள் செய்கிற நைட்ரைடிங்கில் அந்தத் தொல்லை இல்லை. மூடிய உலைக்குள் ஐந்நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூட்டை நிறுத்தி, அம்மோனியாவை விட்டால், அதிலிருந்து நைட்ரஜன் பிரிந்து இரும்பின் மேல்பரப்பில் மெல்ல மெல்ல ஊறும். ரெண்டு நாளாவது ஊறவேண்டும். உள்ளே இரும்பு பழையபடி இருக்கும், மேலே மட்டும் அரம் ஏறாத தோல்.

"பொறுமையான வேலையால்ல இருக்கு," என்றேன்.

"அதான் உங்களுக்கு ஒத்துவராது," என்றாள். வாய்த்துடுக்குக்காரி.

சுடலைக்குமாருக்கு ஊர் ஒட்டவில்லை. நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது. பழைய கம்பெனிக்காரர்கள் மறுபடி வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மில் ஒன்றிலிருந்து சோதனைக்கு ஒரு லோடு ஷாஃப்ட் கொடுத்திருந்தார்கள். அது தேறினால் மில் வேலை மொத்தமும் இங்கே வரும், இருக்கலாம். தேறாவிட்டால் கொட்டகையைக் காலிபண்ணிவிட்டுக் கோயம்புத்தூருக்கே போய்விடுவது. என் காதுபடத்தான் பேசினார்கள். அவள் சரி என்று தலையாட்டினாளே தவிர, அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த லோடுக்கு அவள் செய்த ஆர்ப்பாட்டம் கொஞ்சநஞ்சமா! ஷாஃப்டில் எண்ணெய்ப் பிசுக்கோ கைவேர்வையோ பட்டால் அந்த இடத்தில் நைட்ரஜன் ஊறாதாம். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெந்நீரில் அலசி, துடைத்து, வெள்ளைத் துணி விரித்து அடுக்கினாள். கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. ஆசைக்கு ஒன்றைத் தொட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி! கையெடுங்க! ஒங்க கைப் பிசுக்கை நான் எங்கன கொண்டுபோய்க் கழுவ?"

பிறந்த பிள்ளையைக்கூட இப்படிப் பொத்திவைக்க மாட்டார்கள் என்று முனகிக்கொண்டே நகர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் உலையை மூட்டினாள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, திருநீற்றைக் குழைத்து எல்லாவற்றுக்கும் பட்டை போட்டாள். உலைக்கு, சிலிண்டருக்கு, ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் நட்டநடுவில். எனக்கும் ஒரு கீற்று வைத்தாள். நம்ம ஊரில் புது இயந்திரம் எது வந்தாலும், புது வேலை எது தொடங்கினாலும் அப்படித்தானே! நடுவில் ஒரு தடவை கரண்டு போனது. ஜெனரேட்டரை இழுத்து ஓட்டிச் சமாளித்தார்கள்.

உலையைத் திறந்த அன்றைக்கு மில்லிலிருந்து அழகிரிசாமி வந்தார். இயந்திரப் பராமரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. நெற்றி நிறைய நாமம், கையில் ஒரு அரம். ஷாஃப்டெல்லாம் மங்கலான சாம்பல் நிறத்தில் அழகாகத்தான் வந்திருந்தன. ஒரு முனையில் அரத்தை வைத்தார், வழுக்கியது. மறு முனையிலும் வழுக்கியது. வெயிலம்மாள் முகம் மலர்ந்தது. நடுவில் வைத்தார். கரக் என்று கடித்தது. அடுத்த ஷாஃப்டிலும் நடுவில் கடித்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"பேரிங் உக்காருத இடம்மா இது," என்றார். "இங்கன மெத்துன்னு இருந்தா எனக்கு என்னத்துக்கு ஆகும்?"

சுடலைக்குமார் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். நானும் அங்கேதான் நின்றேன். "ஏட்டி, நடுவுல கரண்டு போச்சுன்னு சொல்லிரு. கோவில்பட்டியில அத நம்பாதவன் யாரு? மரியாதையாவது மிஞ்சும்."

அவள் காதில் வாங்கவே இல்லை. ஒரு ஷாஃப்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெளுப்பாக மூன்று கோடு. கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலையும் அடுத்த ரெண்டு விரலையும் அந்தக் கோடுகள்மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

அட பாவி மகளே, ஊரையெல்லாம் தொடாதே தொடாதே என்று விரட்டிவிட்டு, நீயே உன் கையால் பூசியிருக்கிறாயே! அவளைச் சொல்லி என்ன? எனக்குத்தான் தோன்றியதா? திருநீற்றை அழுக்கென்று எவன் நினைப்பான்?

நேரே அழகிரிசாமியிடம் போனாள். ஷாஃப்டை நீட்டினாள். "சார், நான்தான் கெடுத்தேன். உலையில வைக்கும்போது எல்லாத்துக்கும் திருநீறு பூசினேன். அது பட்ட இடத்துல ஊறல. பாருங்க, என் விரல்தான்."

சுடலைக்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். இவ்வளவு படித்துவிட்டு உலைக்குள் பட்டை போட்டு அனுப்பியவள் என்று மில் முழுக்கச் சிரிக்கும், இனி இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

அழகிரிசாமி ஷாஃப்டை வாங்கிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லவேளை, எங்க ஆளா இருந்தா நாமம்ல போட்டிருப்பான். நெடுக்க மேலருந்து கீழ வரைக்கும் போயிருக்கும்!"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"ஏம்மா, கரண்டு போச்சுன்னு மட்டும் நீ சொல்லியிருந்தா சரக்க இப்பவே வண்டியில திருப்பி ஏத்தியிருப்பேன். கரண்டு நாளைக்கும் போகும், நாளான்னைக்கும் போகும். அதுக்கு நீ என்ன செய்வே, நான் என்ன செய்வேன்? பட்ட போடாம இருக்கது உன் கையிலதான இருக்கு? இதயே மறுபடி போட முடியுமா?"

"முடியும் சார். இந்தச் சூட்டுல கோணாது. லேசாத் தேச்சு, கழுவி, திரும்ப ஊறவைக்கலாம்."

"அப்ப போடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் கழுவல், மறுபடியும் வெள்ளைத் துணி. உலையை மூடுகிற நேரம் வந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். "பிள்ளயப் பரீட்சைக்கு வெறும் நெத்தியோட அனுப்புத மாதிரி இருக்கு அண்ணாச்சி," என்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஒன் நெத்தியில வேணா ரெண்டு பட்டயாப் போட்டுக்கோ தாயி. உலைக்குள்ள போகப்போறது நீயில்லயே," என்றேன். சிரித்துவிட்டு மூடியைப் பூட்டினாள்.

இந்தத் தடவையும் கரண்டு போனது, ஒன்றுக்கு ரெண்டு தடவை. ஜெனரேட்டரோடு சுடலைக்குமார் மல்லுக்கட்டினார். நானும் பட்டறையைப் போட்டுவிட்டுப் போய்க் கயிறு இழுத்தேன்.

திறந்தபோது ஷாஃப்டெல்லாம் முனைக்கு முனை ஒரே நிறம். அழகிரிசாமி வந்து, நேரே நடுவில் அரத்தை வைத்தார். கண்ணாடிமேல் போனதுபோல் வழுக்கியது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அரத்தைச் சுடலைக்குமார் கையில் கொடுத்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார், ஒரு கீறல்கூட விழவில்லை. அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டிய?" என்றாள் வெயிலம்மாள்.

"எஸ்.டி.டி. பூத்துக்கு. கோயம்புத்தூர்ல வேற ஆள் பாத்துக்கிடச் சொல்லிட்டு வாரேன்."

அவர் தெருமுனை தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையுறையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஆறுதல் சொல்லப் போன என்னை அழகிரிசாமி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நல்லா அழுதுக்கோ தாயி. முடிச்சதும் ஒரு சத்தம் குடு, வண்டியில அடுத்த லோடு கிடக்கு, இறக்கணும்."

அரத்தை வைத்துப் பார்க்குமுன்பே மில்லிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்.