கை கோத்தால்தான் பாட்டு

எங்கள் கோயிலில் பாடகர் குழுவை நடத்துவது நான்தான். போன ஐப்பசியில், சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் உட்காரும் ஜார்க்கண்டுப் பெண்ணிடம் அவள் மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் அவளும் கணவனும் வேலை பார்க்கிறார்கள். வந்த மூன்று வருடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாகவே பிடிபட்டுவிட்டது. புதுசாக இருக்கும், எல்லோரும் ரசிப்பார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே, "வேண்டாம்க்கா" என்றாள். மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அசனம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஆராதனையில் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. அந்நிய தேசத்துக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற சங்கீதம். கின்னர வாத்தியங்களை மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். பிடித்துப்போனவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்கிறார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எப்போதும் அழுகிறவர்கள் பக்கத்தில்தான் என்னை வைத்துக்கொள்வேன். அன்றைக்குத் தலை நிமிர்ந்தால், கடைசி பெஞ்சில் அவள். பாடச் சொல்லிக் கேட்டது நான். நாக்குக் குழறி ஒரே வசனத்தை இரண்டு முறை வாசித்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவளைப் பிடித்தேன். "அன்னைக்கு ஒன்னப் பாடச் சொன்னேம்லா, அது தப்பும்மா. மனசுல வச்சுக்கிடாத."

அவளுக்குப் புரியவில்லை. சங்கீதத்தைச் சொல்லி விளக்கினேன். இந்தியில் அவளுக்கு அது மனப்பாடம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கில்லக்கா. எங்க பாட்டு ஒத்தையில பாடுத பாட்டு இல்ல. கை கோத்து, வரிசையா நின்னு, கால் எடுத்து வச்சுப் பாடணும். ஆறு பேராவது வேணும். இங்கன எங்க ஊராளுக நாலு பேருதான இருக்கோம்."

அன்று மத்தியானமே நானும் என் கணவரும் ஆலைக்குப் பின்னால் இருக்கும் அவர்களுடைய வரிசை வீடுகளுக்குப் போனோம். முந்தின நாள் மழையில் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆறு பேரும் கை கோத்தோம். புது நெல்லுக்குக் கடவுளைத் துதிக்கிற பாட்டாம். கோயிலில் உதடு மட்டும் அசைக்கிற என் கணவர், இடது வலது தெரியாமல் பக்கத்தில் இருந்தவர் காலை மிதித்து வரிசையையே கோணலாக்கினார். பக்கத்து அறைக்காரர்கள் வெளியே வந்து கை தட்டினார்கள். மூன்றாவது சுற்றில் என் கால்களுக்கு அடவு பழகிவிட்டது. அர்த்தம் தெரியாத வார்த்தைகள் வாயில் தாமாக வந்தன. இருபது வருடமாகப் பாடகர் குழுவின் முன்னால் நின்று கையசைக்கிறவள், அன்றைக்குத்தான் ஒரு பாட்டுக்கு உள்ளே நின்றேன்.

பிறகு சோறும் கீரையும் தந்தார்கள். இவ்வளவு தூரம் வந்தும் எப்படி ஒரு ஞாயிறைக்கூட விடாமல் கோயிலுக்கு வருகிறாய் என்று கேட்டேன். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவர்கள் சபை உபதேசியார் ஜெபம் பண்ணி, அந்தச் சங்கீதத்தில் சிறைப்பட்டுப் போகிற அதே ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினாராம். போன இடத்தில் தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள், அது நன்றாக இருந்தால் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்கிற கடிதம். அதனால் தினமும் வேலைக்குப் போகுமுன் கோவில்பட்டிக்காக ஜெபிக்கிறாள்.

நான் இங்கேயே பிறந்தவள். வீட்டுக்காக, பிள்ளைகள் பரீட்சைக்காக, என் சுகருக்காக ஜெபித்திருக்கிறேன். ஊருக்காக ஒரு நாளும் தனியாகக் கேட்டதில்லை.

"என்னம்மா கேப்ப?"

"மழைதான்க்கா" என்றவள், சேறு அப்பிய என் கால்களைப் பார்த்தாள். "கொஞ்சம் கூடிப் போச்சு."

என் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.