டாக்டரிடம் மறைத்த மாத்திரை

குழந்தைகளே, இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

என் மனைவியின் தம்பி சேகர் அம்பத்தூரில் லேத் ஓட்டினான். குடல் கோளாறால் ஒரு ஷிஃப்டுக்கு ஏழெட்டு தடவை கக்கூசுக்கு ஓடுவான். வேலையே போகிற நிலைமை. டாக்டர் ஒரு புது சிகிச்சை சொன்னார். ஆரோக்கியமானவரின் மலத்தைச் சுத்தம் செய்து, அதிலுள்ள நல்ல கிருமிகளை நோயாளியின் குடலுக்குள் விடுவார்களாம். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம்.

"உன் வயிறு கல்லையே கரைக்குமே மாமா, எனக்குக் கொஞ்சம் குடேன்" என்று சிரித்தான் சேகர். சரி என்றேன்.

"கடைசி மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா? அது நல்ல கிருமியையும் கொன்னுடும்" என்று என்னிடம் கேட்டார் டாக்டர்.

அதற்கு முந்தின மாதம்தான் பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் அந்த மாத்திரையை நானே கேட்டு வாங்கி ஐந்து நாள் விழுங்கியிருந்தேன். சேகர் என் முகத்தையே பார்த்தான்.

"இல்ல சார்" என்றேன்.

சிகிச்சை பலிக்கவில்லை. வேலையும் போய்விட்டது. என்னால்தானா என்று தெரியாது, டாக்டரிடம் கேட்கவும் தைரியமில்லை.

"நீ இன்னா பண்ணுவ மாமா, என் வயிறு அப்படி கீது" என்று அவன்தான் என்னைத் தேற்றுகிறான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்திருப்போம், அவ்வளவுதான். அவன்மேல் இரக்கப்பட்டுத்தான் பொய் சொன்னேன் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், அவன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத்தான் பயம்.