உக்கிரபாண்டி கவிதை பார்க்கும் விதம்

கவிதைத் தாளை வாங்கியதும் உக்கிரபாண்டி கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறார். அப்புறம்தான் நேராக. எங்கள் இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகத் துணி செக்கிங் அவர். “துணின்னா ரெண்டு பக்கமும் பாக்கோம்ல மாப்ள? கவிதைக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?” என்பார். வாசகசாலையில் கவிதை எழுதும் நாலைந்து பேருக்கும் அவரென்றால் உதறல்தான்.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் என் மனைவி வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது ரத்தம் இழந்து கிடந்தாள். அவளுக்குச் சேரும் ரத்தம் அகப்படவில்லை. கம்பெனிக்குள் ஓடிவந்து கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த உக்கிரபாண்டி தூக்குவாளியை மூடிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். இன்று அவள் என்னோடு சண்டை போடுகிறாள் என்றால் அது அவர் கொடுத்த ரத்தம்.

அந்த நன்றியை வாசகசாலை ஆண்டு விழா மேடையில் சொல்லிவிடத் துடித்தேன். மழையே, ஆலமரமே, ஆறே, சூரியனே என்று அவரைப் புகழ்ந்து நாலு பத்தி, பதினாறு வரி. விழாவன்று காலையில் அதை அவரிடமே காட்டினேன், புத்தி கெட்டவன்!

யாரையோ பற்றிய கவிதை போல நிதானமாகப் பார்த்தார்.

“எதுகையெல்லாம் சரியா விழுந்திருக்கு. ஆனா எந்தப் பத்தியத் தூக்கி எங்க வச்சாலும் ஒண்ணும் மாறல. அப்ப உள்ள எதுவுமே நடக்கலன்னுதான அர்த்தம்? எந் தங்கச்சி வெள்ளத்தாயி ஒரு வரியிலயும் இல்லையே?”

“உங்களப் பத்தித்தான எழுதுனேன்!”

“மழைக்கு ஆள் தெரியுமா மாப்ள? அய்யனார் கோவில் பாறையிலயும் கொட்டிட்டுப் போவும். நான் உன் மூஞ்சியப் பாத்துத்தான வந்தேன்? ஊசின்னா எனக்கு உடம்பே நடுங்கும். மழைக்கு நடுக்கம் உண்டா?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. நன்றி சொன்னால் வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷன்! ஆனால் ரத்தம் கொடுத்த அன்று அவர் கண்ணை இறுக மூடி, “எப்பா, செத்த நேரம் என் தோளப் பிடிச்சுக்கோ” என்றது ஞாபகம் வந்தது. அதையல்லவா விட்டுவிட்டேன். பதினாறு வரியையும் அடித்துவிட்டு நாலு எழுதினேன்.

ஊசிக்கு நடுங்கும் மனிதன்
என் முகத்தைப் பார்த்தான்.
நடுங்கிக்கொண்டே கை நீட்டினான்.
என் வெள்ளத்தாய் கண் விழித்தாள்.

சாயங்காலம் மேடையில் அதைத்தான் வாசித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உக்கிரபாண்டி மட்டும் தட்டவில்லை. இடது கையை மடக்கி, அன்று ஊசி குத்திய இடத்தை மற்றக் கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.