கிரின்ஸ்டெட் கோச்சும் ஆறு கப்பும்

போன கிழமை என்ரை பேரன் போனைப் பாத்துக்கொண்டிருந்தவன், "அம்மம்மா, அவர் விட்டிட்டுப் போட்டார்!" எண்டு கத்தினான். ஆரடா மோசம் போனது எண்டு ஓடிப்போய்க் கேட்டால், ஒருத்தரும் சாகேல்லையாம். அமெரிக்காவிலை ஒரு கொலிச்சிலை பந்தடி பழக்கின கோச் வேறை கொலிச்சுக்கு மாறிப் போட்டாராம். அந்தப் பந்தையும் காட்டினான். கோழி முட்டை மாதிரிக் கிடக்கு.

"ஏனாம் மாறினவர்?" எண்டன்.

"சம்பளம் கூட. கிரவுண்ட் பெரிசு. நல்ல பிளேயர்ஸ்." பெரிய மந்திரி மாதிரி விரலை மடக்கி மடக்கிச் சொல்லுறான்.

"போடா. எங்கடை இக்காஸ்டுக்கு ஒரு கோச் வந்தது நாயாலை" எண்டன். போனைக் கீழை வைச்சிட்டான். இந்தக் காலத்திலை ஒரு பிள்ளை போனைக் கீழை வைக்கிறதெண்டால் சும்மாவே!

எனக்கு அப்ப பத்து வயசு. நாங்கள் டென்மார்க்கிலை இந்த இக்காஸ்ட் எண்ட ஊருக்கு வந்து ஒரு வருசம். பாருங்கோ, எனக்கு எல்லாம் கெதியாத்தான் நடந்தது. கலியாணமும் கெதி, அம்மம்மா ஆனதும் கெதி. படிப்பு மட்டும் வாறன் வாறன் எண்டு கடைசி வரைக்கும் வரேல்லை.

அப்பாதான் எங்கடை தமிழ்ப் பெடியளின்ரை கிளப்புக்குத் தலைவர். கோச் என்ரை மாமா, அம்மான்ரை தம்பி. சனிக்கிழமை விளையாட்டு முடிஞ்சால் முழுப்பேரும் எங்கடை வீட்டை வருவினம். வாசலிலை சப்பாத்து மலை. அம்மா பெரிய பானையிலை புட்டு அவிப்பா. ஆர் கோல் அடிச்சது, ஆர் கோட்டைவிட்டது எண்டு வாய்ச்சண்டை. எனக்கு சோபாவிலை இடமே கிடையாது, ஆனால் ஞாயிறு விடிய நான் அடுத்த சனிக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவன்.

இப்பிடி இருக்கேக்கைதான் ஹோர்சன்ஸ் எண்ட மற்ற ஊர்க் கிளப் ஆக்கள் மாமாவைக் கொத்திக்கொண்டு போட்டினம். குளிருக்கை விளையாட மண்டபம் இருக்காம், ஏத்தி இறக்கக் காராம்.

"உன்ரை தம்பி செய்த வேலையைப் பாத்தியே?" எண்டார் அப்பா.

"அவன் இவ்வளவு நாள் இருந்ததே உங்கடை கிளப்புக்கில்லை, என்ரை புட்டுக்கு" எண்டா அம்மா.

ஆனால் சிரிக்கிற விசயமில்லை. கோடைப் போட்டிக்கு அப்பா பேர் குடுத்தாச்சு. ஆறு கிழமைதான் கிடக்கு. கோச் இல்லாட்டி நாங்களும் ஹோர்சன்ஸுக்குப் போறம் எண்டு பெடியள் குசுகுசுக்கினம். அவை போனால் கிளப் இல்லை. கிளப் இல்லாட்டி எனக்குச் சனிக்கிழமை இல்லை. அப்பாவும் அம்மாவும் ஆளையாள் பாத்துக்கொண்டிருக்க, நான் சுவரைப் பாக்கவேணும்.

அப்பத்தான் அண்ணை ஒரு செய்தி கொண்டுவந்தான். கிரின்ஸ்டெட் எண்ட ஊரிலை எங்கடை ஆள், ஒரு மாஸ்டர் இருக்கிறாராம். அங்கை, எங்கடை ஊரிலை இருக்கேக்கை ரெண்டு காலாலையும் பந்தடிச்ச ஆளாம். ரெண்டு கிளப் போய்க் கேட்டும் மாட்டன் எண்டிட்டாராம். அப்பா உடனை போன் எடுத்து, "ஒருக்கா வந்து பாருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ" எண்டார். ஓமெண்டிட்டார்.

இப்ப அவருக்கு என்னத்தைக் காட்டுறது? சம்பளம் எண்ட பேச்சே இல்லை. பந்து மூண்டு கிடக்கு, அதிலை ஒண்டுக்குக் காத்து நிக்காது. மண்டபம் இல்லை. "ஒரு கப் கூட இல்லாத கிளப்புக்கு எந்த மடையன் வருவான்?" எண்டு அப்பா தலையிலை கை வைச்சார்.

கீழ் வீட்டு டெனிஷ் கிழவரின்ரை யன்னலுக்கை ஆறு கப் மின்னிக்கொண்டு நிக்கிறது அவருக்கு அப்பத்தான் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு டெனிஷ் வராது. அந்த நேரம் எங்கடை வீடுகளிலை டொக்டரிட்டை, கொமூன் எண்ட நகரசபையிலை, எங்கை போனாலும் பிள்ளையள்தான் வாய். என்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு கீழை இறங்கினார்.

"இதெல்லாம் என்னத்துக்குக் கிடைச்சதெண்டு கேள்" எண்டார். கேட்டன். கிழவர் காலடியிலை படுத்திருந்த சடைநாயைத் தடவி, "எல்லாம் இவன் வெண்டது. நாய்க் கண்காட்சியிலை" எண்டார்.

அப்பா என்ரை வாயைப் பாக்கிறார். அந்த முகத்தைப் பாத்து நாய் எண்டு சொல்ல ஆருக்கு மனம் வரும்?

"பந்தடியிலை வெண்டவராம் அப்பா" எண்டன்.

கிழவர் இதெல்லாம் உங்களுக்கு ஏன் எண்டு கேட்டார். "கிரின்ஸ்டெட்டிலை இருந்து ஒரு பெரிய ஆள் உங்கடை நாயின்ரை கப்பைப் பாக்க வாறார்" எண்டு அவருக்கும் ஒண்டு விட்டன். கிழவர் பூரிச்சுப்போய் ஆறு கப்பையும் தானே மினுக்கித் தந்தார். கப்பிலை இருந்த நாய்ப் படத்தை நான் எங்கடை வீட்டு அலுமாரியிலை சுவர்ப் பக்கம் திருப்பி அடுக்கினன். எனக்கு மூளை இல்லையெண்டு பள்ளிக்கூடத்திலை ஆரோ சொன்னவை!

சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். ஒல்லியான மனிசன், சிரிப்பே இல்லை. அம்மா ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் வைச்சா. அப்பா எங்கடை கப்புகள் எண்டு காட்டி, கிரவுண்டைப் பற்றி விளாசுறார். அண்ணை தன்ரை இடக்காலைப் பற்றி விளாசுறான். மாஸ்டர் "ம்", "ம்" எண்டு சாப்பிடுறார்.

மணி அடிச்சுது. கதவைத் திறந்தால், கழுத்துப்பட்டி கட்டின கிழவர்! பக்கத்திலை சீவிச் சிங்காரிச்சு, கழுத்திலை நீல நாடாவோடை நாய்! பெரிய ஆள் வந்திட்டாரோ எண்டு கேட்டுக்கொண்டு உள்ளுக்கு வந்திட்டினம் ரெண்டு பேரும். அம்மா "ஐயோ, நாய்! சாமிப் படம்! இறைச்சிச் சட்டி!" எண்டு அகப்பையோடை கதிரையிலை ஏறிவிட்டா.

மாஸ்டருக்கு டெனிஷ் வரும். கிழவரோடை கதைச்சார். பேந்து எழும்பிப் போய் ஒவ்வொரு கப்பாத் திருப்பினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஆறும் நாய்.

அப்பா என்னைப் பாத்த பார்வையிலை புட்டு இன்னொருக்கா அவிஞ்சிருக்கும்.

"அண்ணை," எண்டார் மாஸ்டர், நாயைக் காட்டி. "உங்கடை டீமிலை இவர் எந்த இடத்திலை விளையாடுறவர்?"

நான் முந்திக்கொண்டு, "அவர் நல்லா ஓடுவார், ஆனால் பந்தைத் திருப்பித் தரமாட்டார்" எண்டன். மாஸ்டர் சிரிச்சார் பாருங்கோ, கண்ணாலை தண்ணி வாற அளவுக்கு! கிழவரும் சிரிச்சார், என்னத்துக்கெண்டு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிராது. நாய்க்கு ஒரு எலும்பு கிடைச்சுது.

மாஸ்டர் கண்ணைத் துடைச்சிட்டு என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, இனிப் பொய் வேண்டாம். இந்தக் கிளப்பிலை உண்மையா என்ன கிடக்கு?"

அடிதான் விழப்போகுது, உண்மையையாவது சொல்லுவம் எண்டு எல்லாத்தையும் கொட்டினன். "பந்து மூண்டு, ஒண்டு பழுது. மண்டபம் இல்லை. சனிக்கிழமையிலை எல்லாரும் இஞ்சை வந்து கத்துவினம். வாசலிலை நடக்க இடம் இருக்காது. அம்மா பேசிப் பேசிப் புட்டு அவிப்பா. ஒருத்தரும் கெதியாப் போகாயினம். எனக்கு சோபாவிலை இடமில்லை."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் வாசலிலை கிடந்த சப்பாத்துகளை ஒவ்வொண்டாப் பாத்தார்.

"உனக்கு என்ன வயசு?"

"பத்து."

"நிமிந்து நில்லு பாப்பம்." கதவு நிலையோடை என்னை நிப்பாட்டி, தலைக்கு மேலை கையை வைச்சுப் பாத்தார். பேந்து அப்பாவிட்டைத் திரும்பி, "சனிக்கிழமை எத்தினை மணிக்கு வரவேணும்?" எண்டார்.

எங்கடை வீட்டிலை அண்டைக்குக் கேட்ட சத்தத்துக்கு மற்ற வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடாதது புதினம். அண்ணை என்னைத் தூக்கிச் சுத்தினான். அப்பா கிரவுண்டைப் பற்றித் தான் சொன்ன விதத்திலைதான் மனிசன் மடங்கினதெண்டார். அண்ணை தன்ரை இடக்கால் எண்டான். நான் நாய்தான் எண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன்.

கோடைப் போட்டியிலை ஹோர்சன்ஸுக்கு நாங்கள் ரெண்டு கோல் அடிச்சம். அவை மூண்டு அடிச்சினம். மாமா வந்து அம்மாவிட்டைப் புட்டுக் கேட்டார், அம்மா குடுத்தா, அப்பா முகத்தைத் திருப்பினார். மாஸ்டர் ஒரு சனிக்கிழமையும் தவறேல்லை. பனி கொட்டினாலும் முக்கால் மணித்தியாலம் கார் ஓடி வருவார். சப்பாத்தை மற்றச் சப்பாத்துகளோடை நேரா அடுக்கிப்போட்டுத்தான் உள்ளுக்கு வருவார். கடைசியாப் போறதும் அவர்தான்.

மூண்டு நாலு மாதத்துக்கு ஒருக்கா என்னைக் கதவு நிலையோடை நிப்பாட்டிப் பென்சிலாலை கோடு போடுவார். பேந்து ஒரு நூலாலை அளந்து, நூலைச் சுருட்டிப் பொக்கற்றுக்கை வைப்பார். நான் நினைச்சன், என்னைக் கோல் காப்பாளரா எடுக்கப் போறார், அதுக்கு உயரம் பாக்கிறார் எண்டு! அவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் குதிக்காலைத் தூக்கி நுனிவிரலிலை நிப்பன். "உயர்ந்திட்டாய் பிள்ளை" எண்டு அவர் சொல்லேக்கை, அவற்றை குரல் ஒரு மாதிரி இறங்கும். குளிர் பிடிச்சிட்டுது ஆக்கும் எண்டு நினைப்பன்.

ரெண்டு வருசத்துக்குப் பிறகு அவற்றை மனிசியும் மகளும் ஊரிலை இருந்து வந்து சேர்ந்தினம். வந்த கிழமையே எங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளைக்கும் என்ரை வயசுதான். வடிவான நீலச் சட்டை போட்டிருந்தாள், ஆனால் கை நீளம், அடி மடிச்சுத் தைச்சுக் கிடக்கு.

"அப்பா அனுப்பின சட்டையள் எல்லாம் இப்பிடித்தான்," எண்டாள் என்ரை காதுக்கை. "நான் அவ்வளவு வளந்திருப்பன் எண்டு அவருக்கு ஆரோ சொல்லிப்போட்டினம்."

நான் கதவு நிலையிலை நுனிவிரலிலை நிண்டதை மறந்து, அப்ப ஒண்டும் விளங்காமல் அந்தத் தொளதொளச் சட்டையைப் பாத்து வயிறு நோகச் சிரிச்சன்.